கப்பலை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொன்ன ஹாஜியார்

நான் வேலை பார்த்த அச்சகத்தில் கலண்டர் வேலைக்குப் புதிதாக நீங்கள் நான்கு பேர் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான்கு பேரில் ஒருவரிடமும் கண்ணாடி இல்லை என்றும் கேள்விப்பட்டேன். கவலையாக இருக்கிறது. முந்நூற்று அறுபத்தைந்து தாள்களையும் வருடத்துக்கு ஆறு தடவை ஒப்புநோக்கினால் எந்தக் கண்ணும் தாங்காது. என்னிடம் இப்போது மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்று வாசிப்பதற்கு, ஒன்று நடப்பதற்கு, மூன்றாவது முதல் இரண்டையும் தேடுவதற்கு.

எழுத்துப் பிழை பார்ப்பது எப்படி, தாள் அடுக்குவது எப்படி என்பதையெல்லாம் உங்களுக்கு அங்கே சொல்லித் தருவார்கள். அதற்கு நான் வேண்டாம். நான் பதினொரு வருடம் பார்த்த வேலை வேறு. நாள் தாளின் அடியில் ‘வரலாற்றில் இன்று’ என்று இரண்டு வரி வருகிறதே, அந்த இரண்டு வரிதான் என் பொறுப்பு. இதைவிட இலகுவான வேலை உலகத்தில் இல்லை என்று நினைப்பீர்கள். முதல் மூன்று மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளில் கல்முனையிலும் சுற்று ஊர்களிலும் வியாபாரம் செய்தவர்கள் வருடப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் கலண்டர் கொடுக்காமல் விடமாட்டார்கள். மேலே அட்டையில் கடையின் படம், கீழே நாளுக்கொரு தாள். தாளில் பெரிய எழுத்தில் திகதி, பக்கத்தில் ஹிஜ்ரி திகதி, தொழுகை நேரம், அதற்குக் கீழே உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் அதே திகதியில் முன்னொரு காலம் நடந்த ஏதாவது ஒன்று. அதற்கும் கீழே அன்பளிப்புச் செய்யும் கடையின் பெயர். கொழும்பிலிருந்து வரும் கலண்டர் சோதனைச் சாவடிகளில் தங்கித் தங்கி ஜனவரி கழிந்து வந்து சேரும் காலம் அது. அதனால் எங்கள் அச்சகத்துக்கு நல்ல கிராக்கி.

என் கையிலிருந்த ஆதாரம் ஒரு பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம். பன்னிரண்டு தொகுதிகளில் பதினொன்று இருந்தன. ஏழாவது தொகுதி தொலைந்துபோனதால், ஆங்கில ‘எம்’ எழுத்தில் பெயர் தொடங்கும் எவரும் பல வருடங்களாக எங்கள் கலண்டரில் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

வரலாற்றை நாள்வாரியாகப் பிரித்தால் ஒரு விடயம் விளங்கும். மனிதர்கள் நல்லதைச் செய்யும்போது திகதி குறித்துக்கொள்வதில்லை. செத்தால்தான் குறித்துக்கொள்கிறார்கள். என் முதல் ஜனவரியில் முப்பத்தொரு தாளில் இருபத்து மூன்று மரணங்கள். முதலாளி அச்சுப் புரூப்பைப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், நாம அடிக்கிறது கலண்டரா, மௌத்து அறிவித்தலா?” என்று கேட்டார். (நான் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவன் அல்ல. கண்ணாடி போட்டவனையெல்லாம் எங்கள் ஊரில் மாஸ்டர் என்பார்கள்.) அதன் பிறகு ஒரு மாதத்துக்கு எட்டு மரணங்களுக்கு மேல் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். போர் வந்தால் அதை ஒரு மரணமாகவே எண்ணுவேன். வேறு வழியில்லை.

இனி ஏப்ரல் பதினைந்துக்கு வருகிறேன்.

அந்தத் திகதியில் எனக்கு மூன்று சங்கதிகள் அகப்பட்டன. லியனார்டோ டா வின்சி பிறந்தார். ஆபிரகாம் லிங்கன் இறந்தார். டைட்டானிக் கப்பல் மூழ்கியது. டா வின்சியை அதற்கு முந்தைய வருடம்தான் போட்டிருந்தேன். ஓர் ஆளை அடுத்தடுத்த வருடம் பிறக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லிங்கனைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் பகுதியில் அந்தப் போர்க்கால வருடங்களில் சூடு என்ற சொல்லை நாள் தாளில் போட எனக்கு மனமில்லை. மிஞ்சியது கப்பல். அதில் போனவர்களில் ஒருவருக்கும் எங்கள் ஊரில் உறவினர் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏப்ரல் மாதத்தில் எட்டாவது மரணத்துக்கான இடமும் காலியாகக் கிடந்தது.

உண்மையில் அந்தக் கப்பல் பனிப்பாறையில் மோதியது பதினான்காம் திகதி இரவு. ஆனால் பதினான்கு சித்திரைப் புத்தாண்டு. பக்கத்து இந்து ஊர்களான காரைதீவிலும் பாண்டிருப்பிலும் எங்கள் கலண்டர் தொங்காத கடை இல்லை. புத்தாண்டன்று ஒரு கப்பலை மோத விடுவது மரியாதையல்ல என்று எண்ணி, அது மூழ்கும்வரை காத்திருந்து பதினைந்தில் போட்டேன். எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டதாக ஒரு திருப்தி. இந்தத் திருப்தி வரும்போது கவனமாயிருங்கள், பிள்ளைகளே.

மார்ச் மாதம், பெரும்போக அறுவடை முடிகிற நேரம், அரிசி மில் ஹாஜியார் அச்சகத்துக்குள் வந்தார். எங்களிடம் ஐந்நூறு கலண்டர் வாங்கி, தன் மில்லுக்கு நெல் கொண்டுவரும் எல்லோருக்கும் கொடுத்தவர். அவர் கையில் அவருடைய சொந்த வீட்டுக் கலண்டர் இருந்தது. ஆணியோடு பிடுங்கி வந்திருந்தார். ஆணியின் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“மாஸ்டர், இந்தக் கப்பல் ஆருட?”

“இங்கிலாந்துக் கம்பனி ஒண்டுட, ஹாஜியார்.”

“அவங்களுக்கும் எனக்கும் என்ன கோவம்? வாசிங்க. சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. டைட்டானிக் என்ற பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.”

“அதுக்குக் கீழ இரிக்கிறதையும் வாசிங்க.”

கீழே அவருடைய மில்லின் பெயர் இருந்தது. ‘அன்பளிப்பு’ என்ற சொல்லும் இருந்தது.

“அப்ப நானா அந்தக் கப்பலத் தாட்டன்?” என்றார் ஹாஜியார். “அண்டைக்கு எண்ட மகள்ட கலியாணம் மாஸ்டர்! கலியாண அழைப்புக் காட்டும் இஞ்சதானே அடிக்கக் குடுத்திரிக்கன். ஒரு மெஷின்ல கலியாணம், மத்த மெஷின்ல மௌத்து. நல்ல அச்சகம்!”

முதலாளி மேசையை விட்டு எழுந்து வந்து அவருக்குக் கதிரை போட்டார். ஹாஜியார் உட்காரவில்லை. தீர்வோடுதான் வந்திருந்தார்.

“ஒண்டும் பெரிய வேலையில்ல. கப்பல ஒரு நாள் தள்ளி வைங்க.”

“ஏலா ஹாஜியார். அது மூழ்கி எண்பது வருசத்துக்கு மேல.”

“மூழ்கினதுதானே? ஒரு நாள் பிந்தி மூழ்கினா அதுக்கென்ன நட்டம்?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் நல்ல மனிதர். ஆனால் ஐந்நூறு கலண்டர் வாங்குகிறவர் முன்னால் எந்த முதலாளியும் வரலாற்றாசிரியராக இருக்க முடியாது.

“மாஸ்டர், பதினாறு சும்மாதானே கிடக்கு?”

“பதினாறுல சார்லி சாப்ளின் பொறக்கிறார்.”

“அவர் பதினேழுல பொறக்கட்டுமே.”

“பதினேழுல பெஞ்சமின் பிராங்ளின் மௌத்தாகிறார்.”

“அந்த மனிசன் ஒரு நாள் கூட உசிரோட இரிந்தா அவருக்குச் சந்தோசம்தானே?” என்றார் முதலாளி.

நான் மறுத்துவிட்டேன். வீரமல்ல, பயம். ஒரு திகதியைத் தள்ளினால் அதற்குப் பின்னாலுள்ள எல்லாத் திகதிகளும் வரிசையாகத் தள்ளுப்பட்டு, மார்கழியில் யாரோ ஒருவர் பிறக்க இடமில்லாமல் நிற்பார். கடைசியில் மூவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். டா வின்சியை இரண்டாவது வருடமும் பிறக்க வைப்பது. ஏப்ரல் பதினைந்துக்குப் புதிதாக ஐந்நூறு தாள் அடித்து, ‘பழைய தாளைக் கிழித்துவிட்டு இதை ஒட்டவும்’ என்ற குறிப்போடு மில்லுக்கு நெல் கொண்டுவரும் எல்லோருக்கும் கொடுப்பது.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ஐந்நூறு பேருக்கு ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னா, கிழிக்கிறதுக்கு முதல் ஐந்நூறு பேரும் அதை வாசிப்பாங்களே” என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அச்சு இயந்திரம் ஓடும் இடத்தில் மெதுவாகச் சொன்னது சொன்னதாகாது. உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

சரியாக நான் பயந்ததுதான் நடந்தது. மார்ச் மாதத்தில் எந்த மனிதன் ஏப்ரல் பதினைந்தைப் புரட்டிப் பார்ப்பான்? திருத்தத் தாள் கையில் கிடைத்ததும் எல்லோரும் புரட்டினார்கள். அதுவரை டைட்டானிக் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் அந்தக் கப்பலுக்கு எத்தனை புகைபோக்கி என்று தேநீர்க் கடையில் வாதாடினார்கள். நான் பால் இல்லாத ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் ‘கப்பல் கலியாணம்’ என்ற பேச்சை ஒன்பது தடவை கேட்டேன். என் பக்கத்து வீட்டுக்காரர் டா வின்சியை அன்றைய தாளின் மேலேயே ஒட்டிவிட்டார். அவர் வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து ஏப்ரல் பதினைந்தாக இருந்தது.

எல்லாவற்றையும்விட மோசம் இது. மாப்பிள்ளை வீடு இறக்காமம் என்ற வயலூரில். மாப்பிள்ளையின் வாப்பா ஒரு போடியார், பெரிய வயற்காரர். அறுவடை நெல்லை ஹாஜியாரின் மில்லுக்குத்தான் கொண்டுவருவார். மில்லில் தாள் கொடுத்தவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ‘எல்லோருக்கும் கொடு’ என்றால் அவர் எல்லோருக்கும் கொடுத்தார். போடியார் அந்தத் திருத்தத் தாளைத் தன் சட்டைப் பையில் வைத்துத் தானே வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். மனைவி பழைய தாளைப் புரட்டினார், மகனின் கலியாண நாளில் ஒரு கப்பல் மூழ்கியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சம்பந்தி வீட்டார் கல்முனைக்கு வந்து இறங்கினார்கள். எனக்கு ஆள் வந்தது. கலைக்களஞ்சியத்தில் மூன்று தொகுதிகளைக் கட்டிக்கொண்டு முதலாளியின் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் இரண்டு தடவை இறங்கித் தொகுதிகளை எண்ணிப் பார்த்தேன்.

ஹாஜியார் வீட்டு ஹோலில் பதினான்கு பேர் இருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா நடுவில், வெள்ளை முக்காட்டோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போடியார் ஒரு மூலையில் பிளேன்டீயோடு. தட்டுகளில் தேங்காய்ப்பால் இனிப்பான தொதலும் பழமும் இருந்தன. போடியாரைத் தவிர ஒருவரும் எதையும் தொடவில்லை. எங்கள் பகுதியில் சம்பந்தி வீட்டார் தொதலைத் தொடாமல் இருந்தால் நிலைமை பாரதூரம் என்று அர்த்தம்.

பாரதூரம்தான். மாப்பிள்ளைக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. பன்னிரண்டாம் திகதி வந்து, மாதம் முடிவதற்குள் திரும்பிப் போகவேண்டும். இந்த லீவு தவறினால் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. மணப்பெண் ஜெஸீமா விஞ்ஞான ஆசிரியை, வயது இருபத்தெட்டு. இதற்கு முன் இரண்டு கலியாணப் பேச்சு முறிந்திருந்தது. ஒன்று வீட்டின் வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்பதில், மற்றது எதிலென்று ஒருவருக்கும் நினைவில்லை. இந்த மாப்பிள்ளையை அவருக்குப் பிடித்திருந்தது. மூன்றாவதும் முறிந்தால் ஊர் வாயை மூட முடியாது. அது ஹாஜியாருக்குத் தெரியும். அன்று அவருடைய முகத்தில் கோபம் இருக்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

“நாங்க சகுனம் பாக்கிற ஆக்களில்ல,” என்று மாப்பிள்ளையின் உம்மா தொடங்கினார். “அது நம்மட மார்க்கத்தில இல்ல. தெரியாம இரிந்தா ஒண்டுமில்ல. தெரிஞ்ச பொறகு எப்பிடிகா அண்டைக்குக் கலியாணம் வைக்கிற?”

ஹாஜியார் என்னைப் பார்த்தார். “மாஸ்டர் வந்திட்டார். அவர்தான் அந்தக் கப்பலுக்குப் பொறுப்பு. மாஸ்டர், அது பிழையா அடிபட்டதுதானே? கப்பல் மூழ்கினது வேற ஒரு நாள்தானே?”

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹாஜியாரின் கண் என்னிடம் கெஞ்சியது.

பிள்ளைகளே, உங்கள் வேலையில் இப்படி ஒரு நேரம் வரும். ‘ஓம்’ என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் எல்லோரும் தொதல் சாப்பிடுவார்கள். ஒரு பெண்ணின் கலியாணம் நடக்கும். கப்பலில் போனவர்கள் எவரும் வந்து மறுக்கப் போவதில்லை. எனக்கும் சொல்லத்தான் ஆசை. ஆனால் ஏப்ரல் பதினைந்தில் எந்த வானொலியாவது அந்தக் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும். இறக்காமத்தில் வானொலி இல்லாத வீடு இல்லை. கலியாணத்தன்று காலையில் அது தெரியவந்தால், மூழ்கிய கப்பல் ஒரு பொருட்டே அல்ல. மறைத்தார்கள் என்பதுதான் நிற்கும். இரண்டு வருடம் கழித்து வீட்டில் ஒரு சட்டி உடைந்தாலும் அந்தப் பெண்ணிடம் அதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்.

“இல்ல ஹாஜியார்,” என்றேன். “அண்டைக்குத்தான்.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வருட ஐந்நூறு கலண்டரும் மூழ்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளையின் உம்மா மட்டும் என்னைக் கொஞ்சம் மதிப்போடு பார்த்தார். “அப்ப நீங்களே நல்ல நாள் ஒண்டு செல்லுங்க மாஸ்டர். மகன் வந்த பொறகு, போறதுக்கு முன்ன.”

நான் தொகுதிகளைப் பிரித்தேன். “பன்னிரண்டு நல்ல நாள். விண்வெளிக்கு முதல் மனிசன் போன நாள்.”

“அண்டைக்குத்தான் மகன் பிளேன் ஏறுறான். அடுத்த நாள்?”

“பதின்மூன்று... அமிர்தசரஸ்ல வெள்ளைக்காரன் சனங்களைச் சுட்ட நாள். பதினான்கு வருசப் பிறப்பு, சமையல்காரர் ஒருத்தரும் வரமாட்டாங்க. பதினாறு, சிரிப்பு நடிகர் ஒருத்தர் பொறந்த நாள்.”

“சிரிப்புக்காரன் பொறந்த நாளா? மகன மாப்பிள்ளைக் கோலத்தில ஊரே பாத்துச் சிரிக்கிறதா? வேணா. மத்த நாள்?”

“பதினேழு ஒரு பெரிய அறிஞர் மௌத்து. பதினெட்டு, அமெரிக்காவில பூமியதிர்ச்சி. ஒரு பட்டினமே அழிஞ்ச.”

“யா அல்லாஹ்.”

“பத்தொன்பது, அங்கயே ஒரு யுத்தம் தொடங்கின நாள். இருபது...” நான் நிறுத்தினேன்.

“என்ன, இருபதில?”

“ஹிட்லர் பொறந்தது.”

மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டைச் சரிசெய்தார். “அதுக்குக் கப்பலே பரவால்லயே,” என்றார்.

அப்போதுதான் உள்ளறை வாசல் சீலைக்குப் பின்னாலிருந்து ஜெஸீமா குரல் கொடுத்தார். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை வரை கேட்கும் குரல்.

“மாமி, நான் ஒண்டு கேக்கட்டா? நீங்களும் மாமாவும் கலியாணம் முடிச்சது எத்தினையாந் திகதி?”

“ஜூன் பதினெட்டு,” என்றார் அவர் உடனே. “முப்பத்து நாலு வருசம். அல்லாஹ்ட காவல், ஒரு கொறையும் இல்ல.”

“மாஸ்டர், ஜூன் பதினெட்டுல என்ன நடந்த?”

எனக்கு அது புத்தகம் பார்க்காமலே தெரியும். தெரியாதது போல ஒரு தொகுதியைப் புரட்டினேன், அதுவும் தவறான தொகுதி. பதினான்கு பேரும் காத்திருந்தார்கள்.

“வாட்டர்லூ எண்டு ஒரு சண்டை,” என்றேன். “நெப்போலியன் எண்ட பேரரசன் தோத்துப்போன நாள்.”

மூலையிலிருந்த போடியார் அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. நான்கு பிளேன்டீ குடித்திருந்தார். நான்காவது கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப அண்டைக்குத் தோத்தது ரெண்டு பேர்,” என்றார்.

முதலில் சீலைக்குப் பின்னால்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஹாஜியார், பிறகு என் முதலாளி. மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு, “இந்த மனிசன்ட கதை!” என்று கணவனைப் பார்த்துக் கையை ஓங்கினார். ஓங்கிய கை தொதல் தட்டை நோக்கி இறங்கியது. ஹாஜியார் பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன்.

ஆனாலும் அவர் லேசில் விடுகிறவரல்ல. தொதலை மென்று முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கப்பல்ல பொம்புளைகள், புள்ளைகள் இரிந்தாங்களா மாஸ்டர்?”

“ஓம்.”

“எல்லாரும் மௌத்தா?”

“இல்ல. எழுநூறு பேருக்கு மேல தப்பினாங்க. இன்னொரு கப்பல் செய்தி கேட்டு, ராவோட ராவா அந்தப் பனிக்கட்டிக்குள்ளால ஓடிவந்து, வள்ளங்கள்ள இரிந்தவங்கள ஏத்தின.”

“அது எத்தினையாந் திகதி?”

“அதே பதினைந்துதான். விடியக்கொள்ள.”

“சுபஹோடயா?”

“ஓம்.”

“அப்ப அதை ஏன் நீங்க போடல்ல?”

இடமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் இடம் இருந்தது. இரண்டு வரியில் எதைப் போடுவது என்று முடிவுசெய்தவன் நான்தான். மாதத்துக்கு எத்தனை மரணம் என்று கணக்கு வைத்தவனுக்குத் தப்பியவர்களை எண்ணத் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா தொதல் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

“பதினைந்தே இரிக்கட்டும். ஆனா பகலைக்கு வேணா. மஃரிபுக்குப் பொறகு நிக்காஹ் வைங்க. நம்மட கணக்குக்குப் பொழுது பட்டா அடுத்த நாள். கப்பல் மூழ்கி, தப்பினவங்க ஏறி, ஒரு பகல் முழுக்கப் போன பொறகு நாம கலியாணம் முடிப்பம்.”

ஹாஜியார் நிக்காஹ்வைப் பிற்பகல் தொழுகையான அஸருக்கு முன்னரே வைத்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இறக்காமத்துப் பாதையில் பொழுது பட்டால் யானைக்குத்தான் வழி. மாப்பிள்ளை நம் வழக்கப்படி பெண் வீட்டில் தங்கிவிடுவார். கூட வந்தவர்கள் வெளிச்சத்தோடு திரும்பவேண்டும்.

“மஃரிபுக்குப் பொறகு நீங்க எப்பிடித் திரும்பிப் போற?” என்று ஹாஜியார் கேட்டார்.

“போறல்ல. எல்லாரும் இஞ்சதான் படுப்பம்.”

“எத்தினை பேர்?”

“எண்பது பேர் வரும்.”

ஹாஜியார் கூரையைப் பார்த்தார். “தப்பினவங்க எல்லாரையும் நம்மட ஊட்டுக்கா கூட்டி வாறீங்க?” என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று அவர் எண்ணூறு பேருக்கும் சம்மதித்திருப்பார்.

கலியாணத்துக்கு நானும் போனேன். எண்பது என்றவர்கள் தொண்ணூற்று மூன்று பேர் வந்தார்கள், இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளிலும் ஒரு வேனிலும். (நான் இரண்டு தடவை எண்ணினேன், ஒரு குழந்தை இடம் மாறியதால் ஒன்று கூடக் குறையலாம்.) மில்லில் நெல் மூட்டைகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். ஹோலில் புது ஆணியில் அதே கலண்டர். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் மாப்பிள்ளையின் உம்மா எழுந்து போய், கப்பலையும் அதன் மேல் ஒட்டியிருந்த டா வின்சியையும் சேர்த்து ஒரே இழுப்பில் கிழித்து, மடித்து, போடியாரின் கையில் கொடுத்தார். “கொண்டந்த ஆளே கொண்டு போங்க,” என்றார்.

அடியில் பதினாறாம் திகதி தெரிந்தது. அதை வாசித்துவிட்டு என்னைத் தேடிப் பிடித்தார்.

“இந்தச் சிரிப்புக்காரன் நல்ல மனிசனா மாஸ்டர்?”

“உலகத்தையே சிரிக்க வைச்ச ஆள்.”

“அப்ப இரிக்கட்டும்.”

அடுத்த வருடத்துக் கலண்டருக்குப் புரூப் போனபோது, ஹாஜியார் ஏப்ரல் பதினைந்தைத்தான் முதலில் கேட்டார். ஐந்நூறுக்குப் பதிலாக அறுநூறு எடுத்தார். தாளில் நான் இப்படிப் போட்டிருந்தேன்: ‘1912. மூழ்கிய டைட்டானிக் கப்பலிலிருந்து தப்பிய எழுநூறுக்கும் மேற்பட்டோரை, விரைந்து வந்த இன்னொரு கப்பல் விடியலில் ஏற்றிக்கொண்டது.’ அதே நாள், அதே கடல், அதே கப்பல். எதையும் ஓர் அங்குலம்கூடத் தள்ளவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மரணத்தையும் எழுதி முடித்ததும் கலைக்களஞ்சியத்தில் இன்னொரு பக்கம் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. எல்லா நாளிலும் அடுத்த கப்பல் வருவதில்லை. ஆனால் தேடாமல் தாளை மூடாதீர்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

அந்த அடுத்த வருடத்தில் ஒரு நாள் அச்சகத்துத் தொலைபேசி அடித்தது. ஹாஜியார்.

“மாஸ்டர், பேரன் பொறந்திரிக்கான்! தாயும் புள்ளையும் சொகம், அல்ஹம்துலில்லாஹ். சம்பந்தி வீட்டுக்கு அறிவிக்க முன்ன ஒங்களுக்குத்தான் முதல்ல எடுக்கன்.”

“மாஷா அல்லாஹ், ஹாஜியார். இண்டைக்கு...”

“செல்லாதீங்க!” என்று கத்தினார். “இண்டைக்கு என்ன நாள் எண்டு எனக்குச் செல்லாதீங்க. அதைச் செல்லத்தான் எடுத்தன். சம்பந்தி கேட்டாலும் செல்லப்படா.”

வைத்துவிட்டார். எதிர்ச் சுவரில் அன்றைய தாள் தொங்கிக்கொண்டிருந்தது. நானே எழுதியது. கண்ணாடியை மாற்றிக்கொண்டு போய் வாசித்தேன். பிறகு பொழுது படும்வரை காத்திராமல் அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அது என்ன திகதி என்று உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நான்கு பேரும் போய்ப் புரட்டிப் பார்ப்பீர்கள்.